பாடம் சொல்வது யார்? மனநல எழுத்தறிவின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

'மனநல எழுத்தறிவு' என்ற சொல் பிறந்தது 1997இல், ஆஸ்திரேலியாவில். ஆண்டனி ஜோர்மும் அவருடைய சகாக்களும் அந்நாட்டு மருத்துவ இதழொன்றில் எழுதிய கட்டுரையின் தலைப்பு அது. 1995இல் 2031 பேரிடம் ஒரு கற்பனை மனிதரின் கதையைச் சொல்லி 'இவருக்கு என்ன?' என்று கேட்டிருந்தார்கள். மனச்சோர்வுக்காரரின் கதையைக் கேட்டவர்களில் 39 விழுக்காட்டினரும், மனச்சிதைவுக்காரரின் கதையைக் கேட்டவர்களில் 27 விழுக்காட்டினரும் மட்டுமே மருத்துவம் ஏற்கும் பெயரைச் சொன்னார்கள். மற்றவர்களில் பெரும்பாலோருக்கும் ஏதோ மனக்கோளாறு என்பது தெரிந்தே இருந்தது. பெயர்தான் தெரியவில்லை.

ஜோர்மைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் தந்த விளக்கத்தில் நோயின் பெயர் தவிர காரணங்கள், சுய உதவி, யாரிடம் போவது என்ற விவரம், நோய் குறித்த மனப்பாங்கு எல்லாமே அடங்கும். 2000இல் கான்பெராவில் பெட்டி கிட்ச்னரும் அவரும் சேர்ந்து 'மனநல முதலுதவி' என்ற பயிற்சியைத் தொடங்கினார்கள். கிட்ச்னர் தாமே மனச்சோர்வில் அவதிப்பட்டவர். காலில் அடிபட்டவருக்கு அக்கம்பக்கத்தார் கட்டுப் போடுவதுபோல, மனம் அடிபட்டவருக்கும் அக்கம்பக்கத்தார் கைகொடுக்க முடியும் என்பது நல்ல யோசனைதான். ஆனாலும் 'எழுத்தறிவு' என்று சொன்ன மாத்திரத்தில் எதிரே ஒரு தற்குறி உருவாகிவிடுகிறார். யாருடைய எழுத்து? யார் தற்குறி? 'மனசே சரியில்ல', 'யோசனை ஜாஸ்தியாப் போச்சு', 'நெஞ்சு படபடன்னு வருது', 'எதுலயும் ஒட்டுதல் இல்ல' என்று நம் ஊரில் ஒரு பெண் சொல்லும்போது, அவள் தன் நிலையைத் துல்லியமாகவே சொல்கிறாள். கேட்கிறவருக்கு அந்த மொழியைப் படிக்கத் தெரியாவிட்டால் எழுத்தறிவில்லாதவர் என்று யாரைச் சொல்வது?

இப்போது உலகெங்கும் மனநலத் திட்டங்களில் 'சக மனிதர்வழிக் கல்வி' என்ற பேச்சு அடிபடுகிறது. மருத்துவர் போதவில்லை, எனவே பாதிக்கப்பட்டவரின் தெருக்காரரையே பயிற்றுவித்து அனுப்பலாம் என்கிறார்கள். ஏதோ ஆள் பற்றாக்குறையால் நேற்றுக் கண்டுபிடித்த உபாயம்போல இது சொல்லப்படுகிறது. வரலாறு வேறுமாதிரி இருக்கிறது. இந்த அறிவின் தொடக்கத்திலேயே சக மனிதர் இருந்தார். பிறகு வெளியே அனுப்பப்பட்டார். இப்போது திரும்பக் கூப்பிடுகிறார்கள். எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்பதைத்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

2

பிரிட்டிஷ் பிரதமராயிருந்து 1812இல் சுட்டுக்கொல்லப்பட்ட ஸ்பென்சர் பெர்சிவலின் மகன் ஜான் பெர்சிவல். 1831 தொடங்கி ஏறத்தாழ மூன்றாண்டுகள் இங்கிலாந்தின் தனியார் பித்தர் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தவர். வெளியே வந்ததும் தனக்கு நடந்ததை 1838லும் 1840லும் இரண்டு நூல்களாக எழுதினார். கட்டிப்போட்டது, குளிர்ந்த நீரில் முக்கியது எல்லாம் அவற்றில் உண்டு. இவற்றைக் காட்டிலும் அவரை உறுத்திய விஷயம் ஒன்று: அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, அவருக்கு யாரும் எதையும் சொல்லவுமில்லை. மரச்சாமானைப்போல நடத்தினார்கள் என்கிறார். 1845இல் அவரும் அவரைப்போல உள்ளே இருந்து வந்த சிலரும் சேர்ந்து லண்டனில் ஒரு சங்கம் கண்டார்கள். 'பித்தர் எனக் கூறப்படுவோரின் நண்பர்கள் சங்கம்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். 'கூறப்படுவோர்' என்ற சொல்லிலேயே அரசியல் இருக்கிறது. அடைபட்டவர்களைப் போய்ப் பார்ப்பது, வழக்கு நடத்துவது, பாராளுமன்றத்திடம் முறையிடுவது, ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசுவது என அவர்கள் வேலை செய்தார்கள். நோய் குறித்த பொது அறிவை வளர்க்கும் வேலைதான் இதுவும். நோயர்களே செய்தார்கள்.

நவீன மனநோய் மருத்துவத்தின் மொழி பித்தைப் பற்றி அறிவு தனக்குத்தானே பேசிக்கொள்ளும் ஒற்றைப் பேச்சு என்பது மிஷேல் ஃபூக்கோ 1961இல் வெளியிட்ட பித்தின் வரலாறு நூலின் மையமான வாதம். அந்த உரையாடல் முறிந்துபோனது என்றார் அவர். சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இது பழகிய செய்தி. ஆனால் ஃபூக்கோவை வாசித்த நம்மில் பலரும் பித்தர் தரப்பில் நிலவியது மௌனம் மட்டுமே என்பதுபோலப் பேசிப் பழகிவிட்டோம். பெர்சிவலின் சங்கம் மௌனமாக இல்லை. அதைக் கேட்கும் காதுதான் இல்லாமற் போயிற்று.

கேட்ட காதுகள் என்ன செய்தன என்பதற்குக் கிளிஃபர்ட் பியர்ஸ் சாட்சி. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1900இல் மாடிச் சன்னலிலிருந்து குதித்தார், பிழைத்தார். அடுத்த மூன்றாண்டுகள் கனெக்டிகட் மாநிலத்தின் மூன்று மனநோய் விடுதிகளில் அடியும் கட்டுச்சட்டையும் பட்டு வெளியே வந்தார். 1908இல் வெளியான அவரது தன்வரலாறு பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. அதே ஆண்டில் மாநில அளவிலும் 1909இல் தேசிய அளவிலும் மனச் சுகாதார அமைப்புகள் தோன்றின. பியர்ஸ் விரும்பியது விடுதிகளுக்குள் நடக்கும் கொடுமையை நிறுத்த வேண்டும் என்பது. மருத்துவர்களின் ஆதரவு கிடைத்தது. ஆதரவோடு சேர்ந்து தலைமையும் அவர்கள் கைக்குப் போயிற்று. 'மனச் சுகாதாரம்' என்ற பெயரே மருத்துவர் அடால்ஃப் மேயர் எடுத்துக்கொடுத்ததுதான். காலப்போக்கில் அந்த இயக்கம் விடுதிகளைவிட்டு நகர்ந்து, பள்ளிப் பிள்ளைகளையும் குடியேறிகளையும் 'தகுதியற்றவர்'களையும் அளக்கப் புறப்பட்டது. இனமேம்பாட்டுவாதிகள் அதன் மேடைகளில் இடம்பிடித்தார்கள். நோயர் ஒருவர் தொடங்கிவைத்த பாடம் நோயர்களைத் தரம்பிரிக்கும் பாடமாக முடிந்தது. சக மனிதரை மேடையில் ஏற்றிவைத்து ஒலிபெருக்கியை மட்டும் வேறொருவர் பிடித்துக்கொண்டால் இதுதான் நடக்கும்.

மாறாக நடந்ததும் உண்டு. 1987இல் ஹாலந்தில், காதில் குரல்கள் கேட்கும் பாட்ஸி ஹாக் என்ற பெண் தன் மருத்துவர் மாரியஸ் ரோமியோடு சேர்ந்து தொலைக்காட்சியில் பேசினார். பார்த்தவர்களில் சுமார் 450 பேர் தங்களுக்கும் குரல்கள் கேட்பதாகத் தெரிவித்தார்கள். அவர்களில் 150 பேர் அந்தக் குரல்களோடு எப்படியோ ஒத்துப்போய் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். இது மருத்துவருக்குச் செய்தி. பாடப்புத்தகத்தில் இல்லாதது. குரல் கேட்போர் இயக்கம் அங்கிருந்து பிறந்து பல நாடுகளுக்கும் போயிற்று.

3

இந்தியக் கதைக்கு வருவோம். மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்' கதையை நம்மவர்கள் அறிவார்கள். பிரிவினைக்குப் பின் லாகூர் மனநோய் விடுதியிலிருந்த இந்து, சீக்கிய நோயர்களை 1950இல் நிஜமாகவே இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அவர்கள் வந்து சேர்ந்த இடம் அமிர்தசரஸ். அந்த மருத்துவமனையின் பொறுப்பிலிருந்த வித்யாசாகர் அதே 1950களில் ஒரு காரியம் செய்தார். வளாகத்தில் கூடாரங்களை அடித்து, நோயரோடு அவர் குடும்பத்தாரையும் வந்து தங்கச் சொன்னார். மாலையானால் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசுவார். நோய் என்ன, மருந்து எதற்கு, வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்ற பேச்சு. ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்திடம் கற்றுக்கொண்டது. தேறியவரைக் கண்ணால் பார்த்த தாய், தன் மகனும் தேறுவான் என்று நம்பினாள். ஊர் திரும்பியபோது அந்த அறிவு அவர்களோடு போயிற்று. மனநலக் கல்வி என்ற பெயர்ப்பலகை எதுவும் அந்தக் கூடாரங்களில் தொங்கவில்லை.

1982இல் வந்த தேசிய மனநலத் திட்டம், மக்களின் பங்கேற்பையும் சமூகத்தின் சுய உதவியையும் தன் நோக்கங்களில் ஒன்றாக எழுதிவைத்தது. 1985க்கும் 1990க்கும் இடையே பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் அதைச் சோதித்துப் பார்த்தது. 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் முதல் மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. இவற்றில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குப் பயிற்சி உண்டு, சுகாதாரப் பணியாளருக்குப் பயிற்சி உண்டு, மாத்திரை உண்டு. மக்களின் பங்கேற்பு மட்டும் காகிதத்திலேயே தங்கிவிட்டது. 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்களின் விகிதம் கோளாறுக்குக் கோளாறு 70 முதல் 92 விழுக்காடு வரை இருப்பதாகக் கண்டது.

இந்த இடைவெளிக்குள்தான் ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்டு 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் எரிந்துபோனார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. மறுநாளே 'மூடநம்பிக்கை' என்று தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. பகுத்தறிவாளர்களும் எழுதினார்கள், ஆட்சியாளர்களும் சொன்னார்கள். மக்களுக்கு அறிவு போதவில்லை, அறிவு புகட்டினால் சரியாகிவிடும் என்ற பேச்சுத்தான்.

அன்றைக்குத் தமிழ்நாடு முழுவதற்கும் இருந்த அரசு மனநல மருத்துவமனை ஒன்றே ஒன்று, சென்னை கீழ்ப்பாக்கத்தில். ஏர்வாடியிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். வேலைக்குப் போனால்தான் சோறு என்றிருக்கும் குடும்பம், இரவெல்லாம் தூங்காமல் கத்தும் மகனை என்ன செய்யும்? தர்காவில் இந்து, முஸ்லிம், கிறித்தவர் என்ற பேதம் பார்க்காமல் இடம் கொடுத்தார்கள். 'ஒன் புள்ளைக்கும் இப்படியா' என்று கேட்க அங்கே இன்னொரு தாய் இருந்தாள். சங்கிலியை நான் நியாயப்படுத்தவில்லை. அதைப் பூட்டிக் காசு பார்த்தவர்கள் குற்றவாளிகள்தான். ஆனால் அந்தக் குடும்பங்களை அங்கே கொண்டுவந்து சேர்த்ததில் அறியாமையின் பங்கு எவ்வளவு, பேருந்துக் கட்டணத்தின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்காமல் எழுத்தறிவு பேசுவது அயோக்கியத்தனம். பின்னாளில் அந்தத் தர்காவிலேயே அரசு மனநல மருத்துவர் வந்து அமரும் ஏற்பாடு வந்தது. தவாவும் துவாவும், அதாவது மருந்தும் பிரார்த்தனையும், ஒரே வளாகத்தில். நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டு வா என்று சொல்லாமலே மருந்து கொடுக்க முடியும் என்பதை ஒப்புக்கொள்ள நமக்கு 28 பிணங்கள் வேண்டியிருந்தன.

4

மருந்துக்கும் மக்களுக்கும் இடையே யார் நிற்பது என்ற கேள்விக்கு அண்மைக்காலத்தில் கிடைத்த தெளிவான பதில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 2005 மே மாதம் ஜிம்பாப்வே அரசு, நகரச் சேரிகளையும் நடைபாதைக் கடைகளையும் புல்டோசர் வைத்து இடித்தது. அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயரின் பொருள் 'குப்பையை அகற்று' என்பது. சுமார் 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தார்கள் என்று ஐ.நா. அறிக்கை கணித்தது. தலைநகர் ஹராரேயில் ம்பாரே என்ற பகுதியில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா வேலை செய்ய வந்தபோது, தர நர்சு இல்லை, அறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கிடைத்தது 14 பாட்டிமார்களும் மருத்துவமனைக்கு வெளியே மரத்தடியும். ஏற்கெனவே தெருவில் சுகாதாரப் பிரச்சாரம் செய்துகொண்டிருந்த பாட்டிகள் அவர்கள்.

2006இல் தொடங்கிய அந்த வேலைக்கு 'மனநல பெஞ்சு' என்றுதான் மருத்துவர் பெயர் வைத்தார். ஒருவரும் வந்து உட்காரவில்லை. பின்னே, நடுத்தெருவில் எவன் 'எனக்குப் பைத்தியம்' என்று போர்டு மாட்டிக்கொண்டு உட்காருவான்? பாட்டிகள் அதை 'நட்பு பெஞ்சு' ஆக்கினார்கள். 'மனச்சோர்வு' என்ற மருத்துவச் சொல்லையும் ஒதுக்கிவிட்டு ஷோனா மொழியில் மக்கள் ஏற்கெனவே வைத்திருந்த சொல்லை எடுத்துக்கொண்டார்கள்: குஃபுங்கிசீசா. அளவுக்குமீறி யோசிப்பது என்று பொருள். நம்மூர் 'யோசனை ஜாஸ்தி'யேதான். உட்கார்ந்து பேசவிட்டு, மனதைத் திறக்கவிட்டு, இருக்கும் பிரச்சினைகளில் ஒன்றை எடுத்து அதற்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பது அவர்கள் முறை. பிறகு, இப்படி வந்தவர்களே ஒன்றுகூடும் வட்டங்கள். அங்கே பேசிக்கொண்டே பழைய பிளாஸ்டிக்கில் பை பின்னி விற்பார்கள். 2016இல் வெளியான ஆய்வில் 24 மருத்துவ நிலையங்களைச் சேர்ந்த 573 பேர் பங்கேற்றார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 49.9 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. பாட்டிகளிடம் பேசியவர்களில் அது 13.7 விழுக்காடு.

அமெரிக்க மனநோய் மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்ப் பகுப்புக் கையேட்டில் 'குஃபுங்கிசீசா' இடம்பெற்றது. பின்னிணைப்பில், பண்பாடு சார்ந்த துயரச் சொற்களின் பட்டியலில். ஹராரேயின் மக்கள் பேச்சு பின்னிணைப்புவரை வந்துவிட்டது. முன்பக்கம் இன்னும் வேறு யாருடையதோ.

5

சக மனிதரின் கைக்குப் பாடம் போனால் பாடமே மாறிவிடும். இதற்கு மனநலத்துக்கு வெளியிலிருந்து இரண்டு உதாரணங்கள்.

1991இல் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. நம்முடைய புதுக்கோட்டை அறிவொளியும் அதே ஆண்டுதான். சாராயக் கடைக்கு எதிராகத் திரண்ட பெண்களின் கதை அங்கே முதல்நூலில் ஒரு பாடம். தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள், விவாதித்தார்கள், எழுந்துபோய் நிஜமான கடையை மூடினார்கள். மாவட்டம் மாவட்டமாகப் பரவி, 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடைசெய்ய நேர்ந்தது. எழுத்தறிவிக்கப் போனவர்கள் எதிர்பார்த்தது கையெழுத்து. பெண்கள் எழுதியது வேறு. குடி, அடி, தூக்கமின்மை, சாவு எண்ணம் எல்லாவற்றையும் மனநலக் கணக்கில் இன்று நாம் சேர்க்கிறோம். அவர்கள் நோய்க்குப் பெயர் தேடாமல் காரணத்தைக் கைகாட்டினார்கள்.

இரண்டாவது, கல்கத்தாவின் சோனாகாச்சி. 'பியர் எஜுகேட்டர்' என்ற பதம் நம் நாட்டில் புழக்கத்துக்கு வந்ததில் எய்ட்ஸ் தடுப்புத் திட்டங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. மருத்துவர் ஸ்மரஜித் ஜனா 1992இல் அங்கே தொடங்கிய திட்டத்தில் பாலியல் தொழிலாளர்களே சக தொழிலாளர்களுக்குப் பாடம் சொன்னார்கள். ஆணுறை பற்றிய பாடம், போலீஸ், தாதா, கந்துவட்டி பற்றிய பேச்சானது. 1995இல் துர்பார் மகிளா சமன்வய சமிதி என்ற அமைப்பானது. 1999இல் திட்டத்தின் நிர்வாகமே அவர்கள் கைக்கு வந்தது. பாடம் கேட்டவர்கள் பள்ளிக்கூடத்தையே எடுத்துக்கொண்டார்கள்.

மனநலத்தில் இதற்கு அருகில் வருவது மேற்கிந்தியாவின் 'ஆத்மீயதா'. 2013இல் நாசிக் பகுதிக் கிராமங்களில் தொடங்கி 2017இல் குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்துக்குப் போன வேலை. கிராமத்தாரே ஆலோசகர்கள். கைபேசியில் அவர்கள் காட்டும் குறும்படங்கள் வட்டார வழக்கில் குடி, குடும்பச் சண்டை, வேலையின்மை பற்றிப் பேசுகின்றன. பென்ஷன், உதவித்தொகைக்கு மனுப் போட்டுக்கொடுப்பதும் அவர்கள் வேலையின் பகுதி. மனம் ஆற்றுவதும் மனு எழுதுவதும் ஒரே ஆளின் வேலை என்று ஏற்றது முக்கியம்.

இங்கே ஒரு சிக்கல். 'பல்வேறு சமூகங்களுக்கு மனநல அறிவு' என்று திட்ட அறிக்கைகள் எழுதுகின்றன. மேற்கில் அதற்குப் பொருள் குடியேறிகள், சிறுபான்மை இனத்தார். நம்மூரில் 'நீங்க என்ன சமூகம்?' என்றால் கேட்பது சாதி. ஊர்த்தெருவிலிருந்து வரும் தன்னார்வலர் சேரிப் பெண்ணிடம் 'ஒனக்கு என்னம்மா கவலை?' என்று கேட்கும்போது, கவலையின் காரணங்களில் ஒன்று கேட்பவரின் தெருவாகவே இருக்கலாம். ஒரே பஞ்சாயத்து, ஒரே மொழி, ஒரே வயது என்பதால் மட்டும் ஒருவர் சக மனிதர் ஆகிவிடுவதில்லை. அதே தெருக்காரராக இருந்தாலும் வேறொரு அச்சம் உண்டு. 'அவங்க வீட்ல பைத்தியமாம்' என்று ஒரு வார்த்தை வெளியே போனால் அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது சும்மா வந்த பழமொழி அல்ல. ரகசியம் காப்பது பயிற்சியின் கடைசிப் பக்கக் குறிப்பாக இருக்க முடியாது. முதல் பாடமாக இருக்க வேண்டும்.

6

கடைசியாக, காசு. சக மனிதர் மலிவாகக் கிடைப்பார் என்பதே பல அரசுகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இந்த வழியில் பிடித்த அம்சம். 2005இல் வந்த ஆஷா பணியாளர்களை நினைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் கிடையாது, ஊக்கத்தொகை. ஊழியர் கிடையாது, தன்னார்வலர். அந்த அங்கீகாரத்துக்காக அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். இப்போது மனநலமும் அதே பெண்களின் தோளில் ஏறுகிறது. நாளைக்குப் பத்துப் பேரின் சாவு எண்ணங்களைக் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவளின் மனதுக்கு யார் பெஞ்சு போடுவது? கூலி தராமல், ஆறுதல் தராமல், மேலே பேச வழியும் தராமல் அவளை அனுப்பினால், சக மனிதர்வழிக் கல்வி என்பது சிகிச்சை தராத அரசு தன் கடமையைக் கைகழுவும் வழியாகிவிடும். பாட்டிகள் மருத்துவருக்கு மாற்று அல்ல. மருத்துவமனை வேண்டும், மருந்து வேண்டும், அது பக்கத்தில் வேண்டும்.

2018இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது. இன்னொன்றையும் சொல்கிறது, அது அதிகம் பேசப்படுவதில்லை: மனநல மறுஆய்வு வாரியங்களில் இரண்டு இடங்களுக்கு, நோயை அனுபவித்தவர், பராமரிப்பவர், இவர்களுக்காக வேலை செய்யும் அமைப்பினர் ஆகியோரிடையே இருந்து ஆட்களை எடுக்க வேண்டும். பெர்சிவல் 1845இல் கேட்டதன் ஒரு துண்டு இப்போது நம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

அந்த நாற்காலிகளில் உட்காரப் போகிறவர்கள் யார் என்று நம் மாவட்டங்களில் கேட்டுப் பார்க்கலாம். இயக்கங்களில் இருப்பவர்களுக்கு இது செய்யக்கூடிய வேலை. தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, மனு எழுதத் தெரியும். எழுத்தாளர்களுக்கு வேறொரு வேலை: 'யோசனை ஜாஸ்தி'யிலிருந்து 'காத்து கருப்பு' வரை மக்களிடம் இருக்கும் சொற்களைத் திரட்டுவது, நோயை அனுபவித்தவர்களே எழுதவும் சொல்லவும் பக்கம் ஒதுக்குவது. பயிற்சிக் கையேடுகள் அந்தச் சொற்களிலிருந்து எழுதப்படட்டும். அவற்றை எழுதும் மேசையைச் சுற்றி, மாத்திரை எழுதியவரோடு மாத்திரை சாப்பிட்டவரும் உட்கார்ந்திருக்கட்டும்.